நோ

இரவு மூன்று பத்து. வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில்
இரண்டு சோடி காலுறையோடு
மொழிபெயர்ப்பாளர் எண் நாலாயிரத்துப் பதினேழு,
நான்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு.
அவர்கள் சொல்வதை அவர்களாகவே சொல்ல வேண்டும்.
'அவள் சொல்கிறாள்' என்று தொடங்கக் கூடாது.
அப்படித்தான் போன திங்கள் நான் வாடகை கட்டாதவன்,
வியாழன் சிறுநீரகத்தில் கல் உள்ளவன்,
இன்றைக்கு
முப்பத்தொன்பது கிழமைக் கர்ப்பிணி.

ஒரு முனையில் தாதி ஹெதர்.
மறுமுனையில் போர்ட்டேஜிலிருந்து நிரோஜா.
புருஷன் லொறியோடு ரெஜைனாவுக்கும் அப்பால்.

'வலி இருக்கிறதா என்று நாலு தரம் கேட்டுவிட்டேன்,
நாலு தரமும் நோ என்கிறார்.
பிறகு ஏன் எடுத்தாராம்?'

கேட்டேன்.
'நோ எண்டுதானே அண்ணை நானும் சொல்லுறன்!
ஒரு மணியிலயிருந்து நோ.
தாங்கேலாத நோ.'

சிரித்துவிட்டேன். அதுவும் விதிக்கு மாறு.
ஒற்றை எழுத்து;
அங்கே போனால் ஒன்றுமில்லை,
இங்கே வந்தால் இடுப்பு முறிகிறது.

எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா?
மைக்ரோவேவ் மணிக்கூட்டைப் பார்த்து
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்:
ஒன்று ஐம்பது, இரண்டு இரண்டு, இரண்டு பதின்மூன்று,
இரண்டு இருபத்திரண்டு, முப்பது, முப்பத்தேழு...
வாசிக்க வாசிக்க இலக்கங்கள்
ஒன்றையொன்று நெருங்கி வந்தன.

நடந்தால் குறைகிறதா? படுத்தால்?
'நடந்தும் பாத்தன், சுடுதண்ணியும் வாத்தன்.
முதுகில துவங்கி முன்னுக்கு வந்து கல்லாட்டம் இறுகுது.'
'என் வயிறு கல்லாகிறது' என்றேன் ஆங்கிலத்தில்.
என் கை என் இடுப்புக்குப் போயிருந்தது.

வந்து வந்து போகும் மற்ற வலிக்கு
ஹெதர் சொன்னது யாரோ ஒரு வெள்ளைக்கார டொக்டரின் பேர்.
நமக்கு அது பொய்வலி.
ஐந்து கிழமையாய் இவள் மெய்
பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வேறேதும்? இரத்தம், சளி போல?

மௌனம்.
குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்டது, அவளுடையது.
'ஒரு ஆம்பிளையிட்ட எப்பிடிச் சொல்லுறது...'
'நான் ஆம்பிளை இல்லைத் தங்கச்சி,
நான் நாலாயிரத்துப் பதினேழு.'
இருவரும் என்ன பேசுகிறீர்கள் என்று ஹெதர் கேட்டாள்.
மன்னிக்கவும் என்றேன், நானாக.

பிறகு சொன்னாள். பின்னேரம் கண்டதாம்,
குங்குமம் கரைத்த கஞ்சி மாதிரி.
சொல்லி முடிக்கவில்லை.
'அம்மா' என்றொரு சத்தம்,
போன் எதிலோ இடித்தது.

'அண்ணை. உடைஞ்சிட்டுது.'

தண்ணீர் என்பார்கள் இங்கே, வெறும் தண்ணீர்.
நமக்குப் பனிக்குடம்.
வாசலில் இடுப்பளவு பனி கிடக்கிற ஊரில்
ஒரு குடம் பனி
சமையலறைத் தரையில் வெதுவெதுப்பாய்.

என்ன நிறம்?
'நிறமில்லை. பச்சை இல்லை. வடிவா லைற் போட்டுப் பாத்தன்.'
பிள்ளை அசைகிறதா?
'உதைக்குது.'

'என் பனிக்குடம் உடைந்துவிட்டது' என்றேன்,
ஐம்பத்திரண்டு வயதில், மீசையோடு,
'என் பிள்ளை உதைக்கிறது.'
குரல் கொஞ்சம் பிசகிற்று.
கதவைத் திறந்துவிட்டு இடப்பக்கம் சரிந்து படுங்கள்,
ஆம்புலன்ஸ் வருகிறது என்றாள் ஹெதர்.
அதை அப்படியே சொன்னேன்.
கதவு திறந்தது. காற்று வந்தது.
பிறகு லைன் இல்லை.

படிவத்தில் காலம்: பத்தொன்பது நிமிடம்.
முடிவு என்ற கட்டத்தில்
தெரிவு செய்ய ஒன்றே ஒன்றுதான் இருந்தது: நிறைவு.
அழுத்தினேன்.

அடுத்த அழைப்பு பொலிஸ். ஐஸில் வழுக்கிய ஒரு கார்.
'நான் பிரேக் பிடித்தேன், நிற்கவில்லை' என்றேன்,
ஆறு நிமிடத்துக்கு ஒருக்கா
மணிக்கூட்டைப் பார்த்தபடி.